இன்று மிச்சம் வைத்தவர்கள்

எழுதிக்கிறதுன்னா எழுதிக்கோங்கம்மா. ஆனா ஒண்ணை மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் இந்தம்மா மறைச்சிட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாது. முகாம் சாப்பாட்டுப் பொறுப்பு இப்ப எங்கிட்ட இல்ல. ரெண்டு வருசமா இல்ல. இப்ப இந்த ஸ்டோர் ரூமைப் பாத்துக்கிறேன், அவ்வளவுதான். உங்க மேடம் போன் பண்ணுனப்போ டைரக்டர் சார்தான், "குப்பை விஷயமா? சௌந்தரவள்ளியக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்"னு சொன்னாராம். சொல்லுவாரு. பொறுப்பப் புடுங்கும்போது தெரியல, அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்னா மட்டும் என் பேரு ஞாபகம் வருது. சரி, அது கெடக்கட்டும். ஃபேனுக்கு அடியில உக்காருங்க.

ஏற்காட்டுல முந்நூறு பேரு, மூணு நாள் மாநாடு, குப்பையே விழாம நடத்தணும். அதானே? நடத்தலாம். நான் நடத்திருக்கேன்.

எங்க டிரஸ்டுக்குத் திண்டுக்கல் சுத்துல நூத்திப்பத்து குழந்தைகள் மையம் இருக்கு. மையத்துக்கு ஒரு டீச்சரு. ஆபீஸ் ஆளுங்களையும் சேத்தா நூத்தி நாப்பது பேரு வரும். வருசா வருசம் மே மாசம் சிறுமலையில ஒரு தியான இல்லத்த எடுத்து அஞ்சு நாள் முகாம் போடுவோம். பயிற்சி, பாட்டு, விளையாட்டு எல்லாம் இருக்கும். வருசம் பூரா புள்ளைங்க மூக்கத் தொடைச்சுக்கிட்டுக் கெடக்குறவளுகளுக்கு அதுதான் திருவிழா.

நான் பொறுப்பெடுக்குறதுக்கு முன்னாடி சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருந்துச்சு. பேப்பர் தட்டு, தண்ணி பாட்டிலு, சாம்பார் சோறு, எல்லாம் அங்கதான். ஒரு நாள் காலையில போய்ப் பாக்குறேன், ஒரு காட்டுமாட்டுக் கன்னுக்குட்டி நிக்குது. வாயில கேரி பேக்கு தொங்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, தலைய ஆட்டிக்கிட்டே நிக்குது. நான் அன்னிக்குப் பூரா அழுதேம்மா. எனக்கு எளகுன மனசு, ஒரு ஜீவன் கஷ்டப்படுறதப் பாக்க முடியாது. அன்னிக்கே டைரக்டர் சார்கிட்ட போயி, இந்தப் பொறுப்ப எங்கிட்டக் குடுங்க சார்னு கேட்டு வாங்குனேன்.

இத எழுதிக்கோங்க. மாநாட்டுல குப்பைங்கறது வர்றவங்க போடுறதில்ல, நாம அவங்க கையில குடுக்குறது. ஒரு பையி, ஒரு ஃபைலு, ஒரு பேனா, கழுத்துல மாட்டுற அட்டை, பாட்டிலு. குடுக்காதீங்க, விழாது. நான் ஃபிளக்ஸ நிறுத்திட்டு வருசம் போடாத துணிப் பேனர் தச்சேன். இன்னைக்கும் அந்தா அந்த அலமாரியில இருக்கு. தட்டு, டம்ளரு அவங்கவங்களே கொண்டு வரணும், அவங்கவங்களே கழுவணும். பாட்டிலுக்குப் பதிலா மண்பானை. ரெண்டே வருசத்துல அந்தப் பள்ளத்துல புல்லு மொளைச்சிருச்சு.

சோறு மட்டும்தான் மிஞ்சிச்சு. தட்டுல வச்சுட்டு எந்திரிக்குறது. எனக்கு அது ஆகவே ஆகாது. நான் ஹாஸ்டல்ல வளந்தவ. மிச்சம் வச்சா அதையே அடுத்த வேளைக்கு எடுத்து வப்பாங்க, புளிச்சிருந்தாலும் சாப்பிடணும். அழுதுக்கிட்டே சாப்பிடுவோம். அப்படி வளந்ததுனாலதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு பருக்க வீணாக்கத் தெரியாது.

மூணாவது வருசம் ஒரு எடை மெஷின் வாங்குனேன். கை கழுவுற எடத்துல ஒரு வாளி. மிச்சத்தக் கொட்டணும், எடை போடணும், கரும்பலகையில எழுதணும். மொத நாள் மதியம் மட்டும் முப்பத்தோரு கிலோ. முப்பத்தொண்ணு. நம்பமாட்டீங்க. எழுதிப் போட்டதப் பாத்ததுமே மறுநாள் பன்னெண்டுக்கு வந்துருச்சு. நாலாவது வருசம் தாலுகா வாரியா டீம் பிரிச்சு, எந்த டீம் வாளி காலியோ அவங்களுக்குக் கைதட்டு, ஒரு மரக்கன்னு. அப்படியும் நாலு கிலோ, அஞ்சு கிலோவுல நின்னுக்கிட்டே இருக்கு. எங்க நிக்குதுன்னு பாத்தா, ரெண்டு எடத்துல. ஒண்ணு, சட்டியில மிஞ்சுறது. இன்னொண்ணு, யாருன்னே தெரியாத ரெண்டு மூணு பேரு.

சட்டிக்கு ஃபாரம் கொண்டு வந்தேன். முகாமுக்கு ஒரு மாசம் முன்னாடியே எல்லா மையத்துக்கும் போயிரும். முழுச் சாப்பாடா, அரைச் சாப்பாடா, டிக் அடிச்சு அனுப்பணும். அத வச்சுத்தான் உலை. முழுசுன்னா இத்தனை கரண்டி, அரைன்னா இத்தனை. பந்தியில வந்து நின்னு, அக்கா கொஞ்சமா வைங்கன்னு கேட்டா வைக்கமாட்டோம். ஏன்னா நீங்க வேணாங்குறது சட்டியில நிக்கும். பக்கத்துல இருக்கறவ தட்டுக்குத் தள்ளிவிடுறதும் கூடாது, அது பழக்கமாயிரும். கடுமையாத் தெரியுதா? அஞ்சு நாள்தானம்மா.

அந்த யாருன்னு தெரியாத ரெண்டு மூணு பேருக்குத்தான் பேரு எழுதுறது. யார்கிட்டயும் படிச்சுட்டு வரல, நானா யோசிச்சேன். வாளிப் பக்கத்துல ஒரு ஆள நிறுத்தி, கொட்டுறதுக்கு முன்னாடி தட்டு தட்டா எடை போட வச்சேன். கரும்பலகையில மேல "இன்று மிச்சம் வைத்தவர்கள்"னு தலைப்பு. கீழ பேரு, ஊரு, எத்தனை கிராமு. அடிக்கல, திட்டல, பேருதான்.

அஞ்சாவது வருசம். மொத நாள் மதியம் ஒரே ஒரு பேருதான் விழுந்துச்சு. நாகரத்தினம், நத்தம் டீம், முந்நூத்து இருவது கிராம்.

நாகரத்தினம் யாருன்னா, நத்தம் பக்கம் ஒரு மையத்துல பதினோரு வருசமா டீச்சரு. நாப்பத்து மூணு வயசு. நல்லாப் பாடுவா. முகாமுல மொதப் பாட்டு எப்பவும் அவதான். என்னைய அக்கா அக்கான்னு சுத்தி வருவா. அவளுக்கு வேல போட்டுக் குடுத்ததே நான்தான், இன்டர்வியூவுல நான் உக்காந்திருந்தேன். அந்த வருசம் எளைச்சுப் போயி வந்திருந்தா. சேலை கட்டுனது மூங்கில்ல சுத்துன மாதிரி இருந்துச்சு. நானும் கேட்டேன், என்னடி இப்படி ஆயிட்டன்னு. "வெயிலுதான்க்கா"ன்னா. மொதப் பாட்டையும் வேற புள்ளைகளப் பாடச் சொல்லிட்டா, தொண்டை கட்டிருக்குன்னு.

முந்நூத்து இருவது கிராம்னா என்ன அர்த்தம்? வாங்குனத அப்படியே கொட்டிருக்கா. ராத்திரியும் அதே மாதிரி. நத்தம் டீம் புள்ளைகளுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு, ஒருத்தியால மரக்கன்னு போகுதேன்னு. நான் கூப்ட்டு விட்டேன்.

"என்ன நாகரத்தினம், உடம்புக்கு என்னவும் செய்யுதா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் கொட்டுற?"

"பசிக்கலக்கா."

"பசிக்கலேன்னா ஃபாரத்துல அரைன்னு போட்டிருக்கலாம்ல? முழுசுன்னு டிக் அடிச்சிருக்க."

"போட்டிருக்கலாம்க்கா."

அவ்வளவுதான் சொன்னா. ஆறு தடவ கேட்டேன், உடம்பு சரியில்லையான்னு. நீங்களே சொல்லுங்க, வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்? அப்புறமா சில பேரு சொன்னாங்க, அவ பயந்துட்டான்னு. என்னன்னா அதுக்கு முந்துன வருசம் உடம்புக்கு முடியாத ரெண்டு டீச்சருங்கள நிறுத்துனோம். அடிக்கடி லீவு, மையம் பூட்டிக் கெடக்கு, என்ன செய்ய முடியும். லெட்டரு நான்தான் டைப் பண்ணுனேன், ஆனா முடிவு நிர்வாகத்தோடது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சில பேருக்கு எதையாவது எதோடயாவது முடிச்சுப் போடணும்.

ரெண்டாம் நாள் காலையில பொங்கலு. அவ தட்டு சுத்தமா வந்துச்சு. மதியமும் சுத்தம். எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கறீங்க? மைக்கப் புடிச்சு, "நேத்து பலகையில பேரு வந்த நம்ம நாகரத்தினம் இன்னைக்கு ஒரு பருக்க மிச்சம் வைக்கல, எல்லாரும் கைதட்டுங்க"ன்னேன். நூத்தி நாப்பது பேரும் தட்டுனாங்க. அவ எந்திரிச்சுக் கும்பிட்டா. திருத்துறதுங்கறது இதுதான்னு நெனச்சேன்.

மூணாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கூடத்துல வகுப்பு நடக்குது. வெளிய ஒரே சத்தம். போய்ப் பாத்தா, தங்குற அறை ஜன்னல் வழியா கொரங்கு உள்ள பூந்து ஒரு பைய இழுத்துட்டு வந்திருக்கு. முத்தத்துல வச்சுப் பிச்சுக்கிட்டு இருக்கு. சேலை, துண்டு, அதுக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் கவரு. முகாமுக்குள்ள பிளாஸ்டிக்கே வரக்கூடாதுன்னு வச்சிருக்கேன். கவரு கிழிஞ்சு, பொங்கலு, சோறு, கொழம்போட பெசஞ்சது, புளிச்ச வாடை. கொரங்கு அள்ளி அள்ளித் திங்குது. வகுப்புல இருந்த அத்தனை பேரும் வாசல்ல வந்து நிக்குறாங்க.

நாகரத்தினம் மட்டும் நடந்து போயி, கொரங்குக்குக் கூடப் பயப்படாம, சேலைய எடுத்து ஒதறி மடிச்சா. நைட்டுல தூக்கிட்டுப் போயிப் பொதைக்கலாம்னு நெனச்சிருந்தாளாம், இருட்டுல காட்டுமாடு நிக்குதேன்னு போகலையாம். பின்னாடி சொன்னாங்க.

நான் என்ன செஞ்சேன்னு கேக்கமாட்டீங்களா? கத்தல. கொரங்கு தின்னது போக மீதிய அள்ளிட்டு வந்து எடை போட்டேன். எண்ணூத்து எம்பது கிராம். பலகையில எழுதுனேன். எழுதாம விட்டா மத்தவங்க என்ன நெனப்பாங்க, தனக்கு வேண்டியவன்னா விட்டுருவாங்கன்னு பேச்சு வராதா? ஒரு முறைன்னு வச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். எழுதும்போது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு மதியம் அவள எம்பக்கத்துல உக்கார வச்சேன். தண்டனை இல்லம்மா. தாய் மாதிரி உக்கார வச்சேன். "நீ சாப்பிடு, நான் இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் சரி"ன்னேன். அவ தட்டப் பாத்தா. என்னையப் பாத்தா. "அக்கா, கஞ்சியாக் கரைச்சுக் குடிச்சுக்கட்டுமா?"ன்னா.

அத மட்டும் நான் கேட்டிருக்கலாம். ஆனா அந்த நேரத்துல எனக்கு எப்படித் தோணுச்சுன்னா, இது ஒரு வேஷம், இன்னும் ஏமாத்தப் பாக்குறான்னு. "கைக்கொழந்தையா நீ? எல்லாரையும் மாதிரிச் சாப்பிடு"ன்னேன்.

சாப்பிட்டா. ரசத்த ஊத்தி, நல்லாப் பெசஞ்சு, கண்ணுமுழி அளவு உருட்டி, வாயில போட்டு, தண்ணியக் குடிச்சு, கழுத்த மேல நீட்டி முழுங்குவா. அடுத்தது. நடுவுல நிறுத்திட்டு நெஞ்சுல கைய வச்சுக்குவா. எல்லாரும் எந்திரிச்சு வகுப்புக்குப் போயிட்டாங்க. சமையக்காரம்மா தூண் பக்கத்துல நின்னு, "விட்டுருங்கம்மா, மாட்டுக்குப் போட்டுக்கலாம்"னுச்சு. நான், "நீங்க உங்க வேலையப் பாருங்க"ன்னுட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அவ கண்ணுல தண்ணி ஊத்துது. செஞ்ச தப்ப நெனச்சு அழுவுறான்னுதான் நான் நெனச்சேன், முதுகத் தடவிக் குடுத்தேன். கடைசி உருண்டையும் போச்சு. தட்ட எங்கிட்டக் காமிச்சா. நல்லாத் தொடைச்ச மாதிரி இருந்துச்சு. "போதுமாக்கா?"ன்னா.

எந்திரிச்சு கை கழுவப் போனவ குழாயப் புடிச்சுக்கிட்டு இருமுனா. இருமல் நிக்கவே இல்ல. வாந்தி வர்ற மாதிரி வந்து வராம உள்ளயே இழுத்துக்கிச்சு. மூஞ்சி நீலம் பாஞ்சு அப்படியே சரிஞ்சுட்டா. நான்தான் ஓடிப் போயி மடியில தாங்குனேன். இத யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா நான்தான் தாங்குனேன்.

ஜீப்புல ஏத்தி எறக்கம் பூரா எறங்கி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகுறதுக்குள்ள அவ மூச்சு சீட்டி அடிக்க ஆரம்பிச்சிருச்சு. டாக்டரு சின்ன வயசுப் பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும். குழாய விட்டுப் பாத்துட்டு வெளிய வந்து கேக்குது. "இவங்களுக்கு உணவுக்குழாயில கட்டி இருக்கு, ஊசி நொழையுற அளவுதான் வழி இருக்கு. கஞ்சியே கஷ்டப்பட்டுத்தான் எறங்கும். சோறு நுரையீரலுக்குள்ள போயிருக்கு. யாரு இவங்களுக்குச் சோறு குடுத்தது?"

நான், "அவங்களாத்தான் சாப்பிட்டாங்க டாக்டர்"ன்னேன். பொய் இல்லையே. நான் ஊட்டலையே, அவ கைதான.

ஒம்பது நாள் இருந்தா. மூக்குல குழாயி. பேச முடியல. நான் நாலு தடவ போயிப் பாத்தேன். போகும்போதெல்லாம் கும்பிடுவா. அந்தக் கும்பிடு மட்டும் வேணாம்டின்னு கைய எறக்கி விடுவேன். மறுபடியும் கும்பிடுவா. வேலைய விட்டு நிறுத்திராதீங்கன்னு கேக்குறாளோன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. ஒம்பதாம் நாள் விடியக்காலையில போயிட்டா.

ஆஸ்பத்திரியில சேத்துட்டு நான் அன்னைக்கே முகாமுக்குத் திரும்பி வந்தேன். வந்து வாளியப் பாத்தேன். அஞ்சு வருசமா நான் பாடுபட்டது, மொதத் தடவையா அன்னைக்கு மதியம் சட்டியிலயும் இல்ல, வாளியிலயும் இல்ல. நோட்டுல எழுத வேண்டியது இருந்துச்சு. பூஜ்யம்னு எழுதுனேன். நோட்டு இந்தா இருக்கு, பாருங்க. இந்த வரிதான். இத நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்ற நெலமையா அது?

அப்புறம் கமிட்டி கூடுச்சு. டைரக்டர் சார் பதமாத்தான் பேசுனாரு. "யாரையும் குத்தம் சொல்லல மேடம், கொஞ்ச நாளைக்கு நீங்க ஸ்டோரப் பாத்துக்கோங்க"ன்னாரு. அடுத்த வருசம் முகாமுல மறுபடியும் பேப்பர் தட்டு. நான் போகல, ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மொத நாளே அம்பது கிலோவாம். பள்ளத்துல மறுபடியும் கொட்டுறாங்களாம். அப்ப நான் அஞ்சு வருசமா செஞ்சது என்ன ஆச்சு? ஒருத்திக்கு நோயி. நோயி அவ வீட்ல இருந்து கொண்டு வந்தது. முகாம் குடுத்ததா? எப்படியும் ஆறு மாசந்தான் இருந்திருப்பான்னு அந்த டாக்டரே சொல்லுச்சு. ஆறு மாசம்.

ஆமா. ஆறு மாசம் இருந்திருப்பா.

நீங்க ஏம்மா எழுதுறத நிறுத்திட்டீங்க? எழுதுங்க. உங்க மாநாட்டுல ஃபாரம் வைங்க, ஃபாரம் நல்ல விஷயம். எடையும் போடுங்க. பேரு... பேரு எழுதுறத உங்க மேடத்துக்கிட்டக் கேட்டுக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

கருமாதிக்குப் போனேன். ஆபீஸ்ல யாரும் போகச் சொல்லல, போக வேணாம்னும் சொன்னாங்க. பஸ்ஸப் புடிச்சு நானாத்தான் போனேன். போனதும் எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க, ரெண்டு வார்த்த கேப்பாங்க, வாங்கிக்கிட்டு வந்துரலாம்னுதான் போனேன். யாரும் ஒண்ணும் கேக்கல. அவ மக பொன்மலரு, காலேஜ் படிக்குது, வாசலுக்கு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. "அம்மா உங்களப் பத்தித்தான் சொல்லும் பெரியம்மா"ன்னுச்சு.

பந்தியில உக்கார வச்சு இலை போட்டாங்க. சோறு வச்சாங்க, கேட்டுக் கேட்டு வச்சாங்க. நான் கைய வச்சேன். உள்ள எறங்கல. எனக்கு ஒரு நோயும் இல்லம்மா, நல்லாத்தான் இருந்தேன். எறங்கல. பொன்மலரு பக்கத்துல வந்து குத்தவச்சு உக்காந்துச்சு.

"முடியலேன்னா வச்சுருங்க பெரியம்மா. எங்க வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அம்மாவும் ஆறேழு மாசமா கஞ்சித்தண்ணிதான். முகாமுக்குப் போறேன்னதும் நான்தான் வேணாம்னேன், அங்க போயி என்னம்மா சாப்பிடுவன்னு. அங்க அக்கா இருக்காங்கடி, அவங்க பாத்துக்குவாங்கன்னுச்சு."

நான் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன். குத்திக்காமிக்கிறாளான்னு பாத்தேன். இல்ல. அதுக்கு எதுவும் தெரியாது. அன்னைக்கு மதியம் என்ன நடந்துச்சுன்னு யாரும் அந்தப் புள்ளைக்குச் சொல்லல. அம்மாவுக்கு முகாமுல திடீர்னு முடியாமப் போச்சு, நான் மடியில போட்டுக் கூட்டிட்டு வந்தேன், அதுதான் தெரியும்.

நான் வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்.

இலையில இருந்த சோத்தச் சின்னதா உருட்டுனேன். வாயில போட்டுத் தண்ணியக் குடிச்சேன். அடுத்தது உருட்டுனேன். பந்தியில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் புள்ள எனக்கு விசிறிக்கிட்டே உக்காந்திருந்துச்சு. "மெதுவா, மெதுவா"ங்குது. முழு இலையும் சாப்பிட்டேன். முக்கா மணி நேரம் ஆச்சு. யாரும் அவசரப்படுத்தல.